முப்பத்தொன்று முற்பகல்

1.4.2024, திங்கள்

என் பெயர் மா. தெய்வசிகாமணி. வயது ஐம்பது. அமராவதிக் கரையிலுள்ள கருங்காட்டுப்புதூரில், அரசு உதவி பெறும் மேல்நிலைப்பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இளநிலை உதவியாளராகப் பணிபுரிகிறேன். இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றிருக்கிறேன். இரண்டும் என் பணிப்பதிவேட்டில் முறைப்படி பதிவாகியுள்ளன. அவற்றால் ஊதியத்திலோ பதவியிலோ மாற்றம் எதுவும் இல்லை.

இந்தக் குறிப்புகளைத் தொடங்குவதன் நோக்கம் ஒன்றுதான். எங்கள் பள்ளியின் துப்புரவுப் பணியாளர் திருமதி மாராத்தாள் இம்மாதம் 30ஆம் நாள் பிற்பகல் ஓய்வு பெறுகிறார். அவருடைய ஓய்வுக்காலப் பலன்களுக்கான கருத்துரு மூன்று மாதங்களுக்கு முன்பே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குச் சென்றிருக்க வேண்டும். செல்லவில்லை. தாமதத்தின் காரணங்களை அன்றன்றே எழுதி வைத்தால், பின்னர் எவரேனும் விளக்கம் கேட்கும்போது பயன்படும்.

முதற்காரணம், ஆளில்லாமை. அனுமதிக்கப்பட்ட அலுவலகப் பணியிடங்கள் மூன்று. உதவியாளர் 2011இல் ஓய்வு பெற்றார். பதிவறை எழுத்தர் 2016இல் காலமானார். இரண்டு இடங்களும் நிரப்பப்படவில்லை. நாற்பத்தோரு பேருக்கான ஊதியப் பட்டியல், ஆயிரத்துச் சொச்சம் மாணவர்களின் மாற்றுச் சான்றிதழ், உதவித்தொகை, பேருந்துப் பயண அட்டை, மிதிவண்டிக் கணக்கு, இணையதளப் பதிவேற்றம் அனைத்தையும் நான் ஒருவனே பார்க்கிறேன். தற்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கிறது. தேர்தல் பயிற்சியும் உண்டு.

காலையில் மாராத்தாள் வழக்கம்போல் தூக்குவாளியில் ஒப்பிட்டு, அதாவது போளி, கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். ஒவ்வோர் ஏப்ரல் முதல் நாளும் கொண்டுவருவார். அவர் பணியில் சேர்ந்த நாள் அது.

“இந்தாங்க சாரு. இருவத்தியோரு வருசம் முடிஞ்சுதுங்க. அமாவாசை பாத்து என்னைய வேலைல சேத்தி உட்டீங்க. அந்த நல்ல நாளுதானுங்க இத்தன காலம் சோறு போட்டுது.”

“சுடச் சுட எதுக்கும்மா இந்த வெயில்ல...”

“சுட்டது நானு, திங்கறது நீங்க. உங்களுக்கென்னங் சிரமம்?”

பாதியைத் தின்றேன். மீதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

3.4.2024, புதன்

ஊதியப் பட்டியல் இணையதளத்தில் இருமுறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது. தேர்வறைகளுக்கு விடைத்தாள் கட்டுகளை நானே சுமந்து கொடுத்தேன்.

கணித ஆசிரியர் வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: “ஏனுங் சார், உங்க மேசைக்கு வந்த காகிதத்துக்கே பென்சன் வயசு வந்துரும், என்ற இன்கிரிமெண்ட்டு வராதாட்ட இருக்குதுங்ளே!” சிரித்தார்கள். அவருடைய ஆண்டு ஊதிய உயர்வு ஜூலையில்தான் வரவேண்டும் என்பதை விதி எண்ணுடன் விளக்கினேன். அதற்கும் சிரித்தார்கள்.

மாலையில் தலைமையாசிரியை திருமதி அமிர்தகௌரி அழைத்தார். சென்ற ஜூனில் மாறுதலாகி வந்தவர்.

“என்னங்க சார், மாராத்தா பேப்பர் இன்னும் போகலியாமே?”

“தேர்வு வேலைங்க மேடம். எலெக்‌ஷன் ட்ரெயினிங் வேற.”

“உங்ககிட்ட எந்தப் பேப்பரும் ஒரு நாள் தங்கினதில்ல. அதான் கேட்டேன்.”

அது உண்மை.

5.4.2024, வெள்ளி

மாராத்தாளின் பணிப்பதிவேட்டை இரும்பு அலமாரியிலிருந்து எடுத்தேன். பக்கம் மூன்று: “1.4.2003 முற்பகல் பணியில் சேர்ந்தார்.” என் கையெழுத்து. இருபத்தொன்பது வயதுக் கையெழுத்து, இப்போதையதைவிடச் சற்று உருண்டை. அடித்தல் திருத்தல் இல்லை. பதிவு சரியாகவே உள்ளது.

இப்பள்ளியில் எல்லோருடைய பணிப்பதிவேடும் என் எழுத்துதான். என்னுடையதில் மட்டும் 2016க்குப் பிறகு பணிச் சரிபார்ப்புப் பதிவு இல்லை. ஒருவர் தம் பதிவேட்டில் தாமே எழுதக் கூடாது. எழுதுவதற்கு வேறொருவர் அலுவலகத்தில் இல்லை.

பக்கம் மூன்றை மீண்டும் பார்த்தேன். பதிவு சரியாகவே உள்ளது.

8.4.2024, திங்கள்

பத்தாம் வகுப்புத் தேர்வு இன்றுடன் முடிந்தது. ஒரு காரணம் குறைந்துவிட்டது.

தேர்வறைகளைக் கூட்டி முடித்துவிட்டு மாராத்தாள் என் அறைக்கு வந்தார். துடைப்பத்தைக் கதவுக்கு வெளியிலேயே சாத்திவிட்டு வருவது அவர் வழக்கம்.

“இன்னைக்கு அமாவாசைங்க. நல்லதாப் பேசலாம்னு வந்தேன். பென்சன் மாசம் என்னங் வரும்?”

“உத்தரவு வரட்டும்மா.”

“ஒரு குத்துமதிப்பாச் சொல்லுங்க. எங்கூட்டுக்காரருக்குச் சக்கரையில காலெடுத்தாச்சுங்ளா, இப்ப இருக்கற ஊட்டுல ஆறு படி. தெனமும் நானும் பக்கத்தூட்டுக்காரரும் தூக்கி எறக்கறோம். படியில்லாத ஊடு ஒண்ணு பாத்திருக்கறேன். ஊட்டுக்காரம்மா கறாரான பொம்பளை. ‘வேலை முடிஞ்சு போச்சே, வாடகை எப்பிடித் தருவே’ன்னாங்க. கவர்மெண்டு பென்சனுங்க, ஒண்ணாந் தேதியானா டாண்ணு கைல இருக்கும்னு சொல்லிப்போட்டேன்.”

“முன்பணம் குடுத்தாச்சா?”

“குடுத்துப்போட்டனுங்க. மாசாமாசம் சம்பளத்துல புடிச்சீங்ளே, அதத்தான பென்சனாத் தருவாங்க?”

மாணவன் ஒருவன் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தான். அவனைக் கவனித்தேன். அவருடைய கேள்விக்குப் பதிலளிக்க இயலாமல் போயிற்று.

10.4.2024, புதன்

மாராத்தாளின் பணிப்பதிவேட்டுடன் மாவட்டக் கல்வி அலுவலகம் சென்றேன். பிரிவு உதவியாளர் சம்பந்தம் பதினைந்து ஆண்டுப் பழக்கம். பதிவேட்டைப் புரட்டியவர் பக்கம் மூன்றில் நின்றார்.

“அட, ஒண்ணு நாலு ரெண்டாயிரத்து மூணு! ஒரு நாள் முந்திச் சேந்திருந்தா ஆளே வேறங் சார்.”

சம்பந்தம் சொன்னதை எவருக்கும் புரியும்படி இங்கே எழுதி வைக்கிறேன். 1.4.2003க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம்: உயிருள்ளவரை மாதந்தோறும் வரும், அவர்களுக்குப் பின் துணைக்கும் வரும். அன்றோ அதற்குப் பின்னரோ சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்புத் திட்டம்: பிடித்த தொகையும் அரசின் பங்கும் வட்டியுடன் ஒரே தடவையாகக் கைக்கு வரும். அத்துடன் சரி. மாதந்தோறும் எதுவும் வராது. நான் 2001இல் சேர்ந்தவன்.

சம்பந்தம் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். குரலைத் தணித்தார். “பதிவேடு உங்க அலமாரி. எழுத்து உங்க எழுத்து. அன்னிக்கு இருந்த ஹெச்.எம். செத்தே போயிட்டாரு. கைல பேனா இருக்குது. நான் இப்ப டீ குடிக்கப் போறேன், இத நான் இன்னும் பாக்கவே இல்லீங்க.”

பொய்யான திருத்தம் குற்றம் என்று அவரிடம் சொன்னேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

பேருந்தில் வரும்போது, அந்த ஒன்றை முப்பத்தொன்றாகவும் நான்கை மூன்றாகவும் மாற்ற எத்தனை கோடுகள் தேவைப்படும் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியதே தவறு. பதிவு செய்கிறேன்.

15.4.2024, திங்கள்

இன்றும் கருத்துரு அனுப்பவில்லை. காரணம்: தேர்தல் பயிற்சி.

(பயிற்சி முற்பகலோடு முடிந்துவிட்டது.)

20.4.2024, சனி

நேற்று வாக்குப்பதிவு. பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் நிலை அலுவலராக இருந்தேன். விரலில் மை வைக்கும் பணி.

மாலை ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடியவேண்டும். அப்போது வாசலில் வரிசை இருந்தது. செங்கல் சூளையிலிருந்து வேலை முடிந்து நேரே வந்தவர்கள், கைகால் கழுவக்கூட நேரமின்றி. கட்சி முகவர் ஒருவர் எழுந்து, “மணி ஆறாயிப்போச்சு, கதவச் சாத்துங்க!” என்று சத்தமிட்டார்.

வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் இளவயதுப் பெண், வேளாண்மைத் துறைக்காரர். வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கி எண் சீட்டுகளைக் கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பினார். விதி அதுதான். ஆறு மணிக்கு முன் வந்து நின்றவர் எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. சீட்டு வாங்கியவர் எந்நேரமானாலும் வாக்களிக்கலாம். பதினேழு சீட்டுகள் கொடுத்தேன். முகவர் விடவில்லை.

“ஏனுங் மேடம், ஆறரைக்கு ஓட்டுப் போட்டா அது ஆறு மணி ஓட்டாகுங்ளா?”

“அவங்க ஆறுக்கு முன்னாடியே வந்துட்டாங்க. உள்ள விடறதுக்கு லேட்டாகுதுன்னா அது நம்ம லேட்டு சார். அவங்க லேட்டு இல்ல.”

கடைசியாக வந்தது ஓர் அம்மாள். நகத்துக்கடியில் செம்மண். மை வைத்தபோது கோடு நகத்தைத் தாண்டி விரல் மூட்டு வரை ஓடிற்று. “ஏனுங் சாமி, நா போடறது ஒத்த ஓட்டு, வெரல் பூராம் மை வெக்கறீங்க?” என்றார் அந்த அம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

தேர்தல் பணிக்கான விடுப்பு இன்று எனக்கு உண்டு. எனினும் பள்ளிக்கு வந்தேன். பதிவறையைத் திறந்தேன். மேல்தட்டில், சுவரோரமாக, “பொதுத்தேர்வு மையம், மார்ச் 2003” என்றெழுதிய கட்டு. 2014இல் அழிக்க வேண்டியவை என நானே தயாரித்த பட்டியலில் அக்கட்டு வரிசை எண் 62. அறுபத்தொரு கட்டுகளை எரித்தோம். இதை எரிக்கவில்லை. காரணத்தை அப்போது நான் எழுதி வைக்கவில்லை.

கட்டினுள், பணியாளர்கள் கூலி பெற்றதற்குக் கையொப்பமிடும் பற்றொப்பத் தாள் இருந்தது. தேதி 31.3.2003. குடிநீர் வழங்கும் பணி, நேரம் 11.30 முதல். கையொப்பம், எழுத்தெழுத்தாகப் பிரிந்து: மா ரா த் தா ள்.

நான் நினைத்த இடத்தில் நினைத்தபடியே இருந்தது.

22.4.2024, திங்கள்

இதுவரை எழுதிய காரணங்கள் பொய்யல்ல. ஆனால் அவை காரணங்களல்ல. நடந்ததை எழுதுகிறேன்.

31.3.2003, திங்கட்கிழமை. நிதியாண்டின் இறுதி நாள். மார்ச் மாதப் பட்டியல்கள் யாவும் கருவூலத்துக்குப் போய்விட்டன. என் மேசை வெறுமையாக, நான் விரும்பும் நிலையில் இருந்தது. முற்பகல் 11.20 இருக்கும். மாராத்தாள் கையில் பள்ளி நிர்வாகச் செயலாளரின் நியமன ஆணையுடன் தலைமையாசிரியர் அறைக்குப் போய்விட்டு, அங்கிருந்து என்னிடம் வந்தார். பணியில் சேர வந்ததாகச் சொன்னார்.

அன்றே சேர்த்தால் மார்ச் மாதத்துக்கு ஒரு நாள் ஊதியம் கணக்கிட வேண்டும். முடிந்துபோன நிதியாண்டுக்குரிய அந்த ஒரு நாளுக்காகத் தனி நிலுவைப் பட்டியல், சான்றுகள், மூன்று நகல்கள், இரண்டு முறை கருவூலப் பயணம். மறுநாள் சேர்த்தால் ஏப்ரல் முதல் நாள், முழு மாதம், புதிய பக்கத்தின் முதல் வரி. எங்கள் அலுவலகங்களில் எழுத்தர்கள் சாதாரணமாகச் செய்யும் காரியம்தான். எவரும் இதைத் தவறென்று கருதியதில்லை. நானும் கருதவில்லை.

ஆனால் பட்டியல் எழுத மனமில்லை என்று அவரிடம் சொல்ல முடியாது. சுவரில் அரிசி ஆலை நாள்காட்டி தொங்கிற்று. பார்த்தேன். “நாளைக்கு நிறைஞ்ச அமாவாசைம்மா. நல்ல நாள். காலைல வந்து சேந்துக்குங்க” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. தமக்காக ஒருவர் நாள் பார்த்துச் சொன்னதாக எண்ணிக்கொண்டார்.

அன்று தேர்வு நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் கொடுக்கும் ஆள் வரவில்லை. வராந்தாவில் நின்ற மாராத்தாளைத் தலைமையாசிரியர் குடத்தை எடுக்கச் சொன்னார். ஒரு மணி வரை அவர் அறை அறையாகத் தண்ணீர் கொண்டுபோனதை என் சன்னல் வழியே பார்த்தேன். பணியில் சேராத ஒருவர் பணி செய்துகொண்டிருந்தார்.

ஆகஸ்டில் அரசாணை வந்தது. புதிய திட்டம், முன்தேதியிட்டு, 1.4.2003 முதல். சுற்றோட்டத்துக்கு வைக்கும் முன் நான்தான் அதை முதலில் படித்தேன். அப்போதே சொல்லியிருந்தால் திருத்தியிருக்க முடியும். தலைமையாசிரியர் உயிருடன் இருந்தார். எனக்குத் தகுதிகாண் பருவம் முடிய மூன்று மாதங்கள் இருந்தன. தவறு வெளிப்பட்டால் பணி உறுதி செய்யப்படாது என அஞ்சினேன். பருவம் முடிந்தபின் சொல்லலாம் என்றிருந்தேன். அதன்பின் இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கேள்வி ஓராண்டு கனத்தது.

ஒவ்வோர் ஏப்ரல் முதல் நாளும் ஒப்பிட்டு வந்தது.

23.4.2024, செவ்வாய்

என் மனைவி பூங்கோதையிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“இத இப்பச் சொன்னா உங்களுக்கு என்ன ஆகுங்?”

“விளக்கம் கேப்பாங்க. ஊதிய உயர்வ நிறுத்தலாம். தற்காலிகப் பணிநீக்கமும் செய்யலாம்.”

“புள்ளைக்கு இன்னும் ஒன்றரை வருசம் நர்சிங் ஃபீஸ் இருக்குது.”

“தெரியும்.”

“நீங்க சொல்லலீன்னா யாருக்குந் தெரியாது.”

“ஆமாம்.”

சிதறிய அரிசியைப் பொறுக்கி முறத்தில் போட்டாள். பிறகு, “அந்த ஒப்பிட்டுல பாதி எனக்குத்தானுங்க வந்துது” என்றாள். “இருவத்தியோரு வருசமா ஏலக்கா வாசமா இருக்குதுன்னு தின்னுப்போட்டு உக்காந்திருக்கறேன். எனக்குத் தெரியாம என்னையும் கூட்டுச் சேத்திட்டீங்ளே.” முறத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அங்கிருந்து குரல் வந்தது: “மொதல்ல அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. ஆஃபீசரெல்லாம் அப்பறம்.”

நான் முதலில் அலுவலருக்கு எழுதுவதாக இருந்தேன். வரிசை தவறு என்பது அவள் சொன்ன பிறகே புலப்பட்டது.

25.4.2024, வியாழன்

காலை 8.40. மாராத்தாள் என் அறையைக் கூட்ட வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

“அய்ய, நிக்கறனுங்க.”

“உட்காருங்கம்மா. நின்னா என்னால சொல்ல முடியாது.”

விளிம்பில் உட்கார்ந்தார். சொன்னேன். எதையும் விடவில்லை. மாத ஓய்வூதியம் கிடையாது என்பதையும், அது ஏன் இல்லை என்பதையும், இருபதாண்டுக்கு மேல் அது எனக்குத் தெரியும் என்பதையும். முடித்தபோது அவர் துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அமாவாசைன்னு சொன்னீங்ளே?”

“காலண்டர்ல இருந்துதும்மா. பாத்துச் சொன்னேன்.”

“எனக்காகப் பாக்கலீங்ளா?”

“இல்லை.”

“அந்த ஒரு நாள் பில்லு எழுத எத்தன நேரமாகுங்?”

“ஒரு மணி நேரம். கருவூலத்துக்குப் போய்வர ரெண்டு நாள்.”

“ஒரு மணி நேரம்” என்று அவரும் சொன்னார். பிறகு, “அந்த ஒரு நாள் சம்பளமே எனக்கு வேண்டாம்னு சொல்லியிருப்பனுங்களே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லங்” என்றார்.

எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது என்றும் சொன்னேன்.

“ஊட்டுக்காரம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லட்டுங்? எங்க சாரு நல்ல நாள் பாத்தாருன்னா?”

எழுந்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

26.4.2024, வெள்ளி

பள்ளி முழுவதும் கூட்டப்பட்டிருந்தது. வராந்தா, மைதானப் படிகள், பூட்டிக் கிடந்த ஆய்வகத்தின் வாசல்கூட. என் அறை மட்டும் கூட்டப்படவில்லை. நேற்றுச் சிந்திய குண்டூசிகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

நானே கூட்டினேன். முறை தெரியவில்லை. தரையிலிருந்த தூசி மேசைமேல் ஏறிற்று.

29.4.2024, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாட்களில் அறிக்கையை எழுதினேன். மூன்று பக்கம். இணைப்பு: பற்றொப்பத் தாளின் நகல். தலைமையாசிரியை இருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“சார், இத அனுப்பினா ரெண்டு பதில் வரும். ஒண்ணு அந்தம்மாவுக்கு. அது என்னன்னு எனக்குத் தெரியாது. இன்னொண்ணு உங்களுக்கு. அத இப்பவே நான் சொல்லிருவேன்.”

“தெரியுங்க மேடம்.”

“உங்களச் சஸ்பெண்ட் பண்ணிட்டா மே மாசச் சம்பளப் பில்லு யாருங்க போடறது? நாப்பத்தோரு பேரும் என் ரூம் வாசல்ல உக்காந்திருப்பாங்க.” சிரிக்க முயன்றார். “அவங்க ரிட்டயர் ஆகட்டும். ஜூன்ல, பள்ளிக்கூடம் தொறந்ததும், மெதுவா யோசிச்சு அனுப்பலாமே.”

“பணியில் இருக்கும்போதே போகணுங்க. ஓய்வு பெற்ற பிறகு போனா, கடைசி நேரத்துல கட்டின கதைன்னுதான் சொல்வாங்க. அதோட...”

“அதோட?”

“பிறகு பாக்கலாம்னுதான் நான் 2003லயும் நெனச்சேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இந்தத் தேர்வுத் தாளு ஒண்ணு மட்டும் போதுமா? தண்ணி தூக்கினதுக்குத்தான் இது சாட்சி. வேலைல சேர வந்தாங்கங்கறதுக்கு?”

“அதுக்கு நான்தானுங்க சாட்சி.”

நாளை முடிவு சொல்வதாகக் கூறினார்.

30.4.2024, செவ்வாய்

பிற்பகல் இரண்டு மணிக்கு ஆசிரியர் அறையில் வழியனுப்பு. சால்வை, வெள்ளிக் குங்குமச் சிமிழ். கணித ஆசிரியர் பேசினார்: “மாராத்தாக்கா கூட்டாத எடத்துல நாங்க நின்னு பாடம் நடத்தினதில்லீங்.” எல்லோரும் கைதட்டினார்கள். மாராத்தாளைப் பேசச் சொன்னபோது, “நல்லா இருங்க” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். நான் கடைசி வரிசையில் நின்றேன். என்னைப் பார்க்கவில்லை.

2.40க்கு அவருடைய பணிப்பதிவேட்டில் எழுதினேன்: “30.4.2024 பிற்பகல் ஓய்வு பெற்றார்.” பக்கம் மூன்றில் எதையும் திருத்தவில்லை. அது கிடக்கட்டும். அருகில் பென்சிலால்கூட ஒன்றும் எழுதவில்லை.

தலைமையாசிரியை என் அறிக்கையைத் தாமே எடுத்துவந்தார். அடியில் பச்சை மையில் எழுதியிருந்தார்: “பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது.” கையொப்பம், முத்திரை. “போங்க சார். சம்பளப் பில்லுக்கு நானே உக்காந்து கத்துக்கறேன்” என்றார்.

2.55க்கு என் அறை வாசலில் மாராத்தாள் நின்றார். சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். துடைப்பம் இல்லை. கையில் மஞ்சள் பை.

“அன்னிக்குக் கொண்டாந்த ஆர்டருங்க இது. பொட்டியில கெடந்துது. வேணுங்ளா?”

செயலாளரின் நியமன ஆணை. அசல். மடிப்புகளில் கிழிந்திருந்தது. இடப்புற மூலையில், காலமான தலைமையாசிரியரின் சாய்ந்த எழுத்து, அவருடைய சுருக்கொப்பத்துடன்: “சேர வந்துள்ளார். எழுத்தர் பார்க்க. 31/3, 11.15.”

இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன் நான் இதைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். மூலையைப் பார்த்ததாக நினைவில்லை. எழுத்தர் என்பது நான்.

“இதுதாம்மா வேணும்” என்றேன்.

“அப்ப கெடைச்சுருங்ளா?”

“தெரியாதும்மா. கிடைக்கலாம். கோர்ட்டு வரைக்கும் போக வேண்டியும் வரலாம். போனா நான் வந்து கூண்டுல நின்னு சொல்றேன்.”

“உங்க மேல எனக்குக் கோவம் போகலீங்க. சொல்லிப்போட்டேன்.”

“போக வேண்டாம்மா.”

“இப்பக் குடுக்கப் போறீங்ளா, நாளைக்குங்ளா?”

“நாளைக்கு மே தினம். லீவு.”

“எப்பிடியும் நாளைக்குன்னு ஒருத்தரு சொல்லுவாங்க. நானும் கூட வாரனுங்க” என்றார். சொல்லிவிட்டு, நான் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். இம்முறை முழுவதுமாக.

இப்போது மணி 3.10. பேருந்து 3.25க்கு. மாவட்டக் கல்வி அலுவலகம் 5.45 வரை திறந்திருக்கும். மாராத்தாளின் கருத்துருவையும், இந்த அறிக்கையையும், பற்றொப்பத் தாளையும், நியமன ஆணையின் நகலையும் நான் இன்றே நேரில் கொடுப்பேன். நாளை மறுநாள் வாருங்கள் என்று சொன்னால் எழுந்து வரமாட்டேன். அவர்கள் தபால் வரவுப் பதிவேட்டில் 30.4.2024 என்ற தேதியை என் கண்முன் எழுதும்வரை அங்கேயே நிற்பேன். அலுவலர் என்னை விசாரித்தால், கேட்பதற்கு முன்பே என் பெயரையும் பதவியையும் சொல்வேன். அதன்பின் முப்பத்தொன்றாம் தேதி முற்பகலில் நான் செய்ததைச் சொல்வேன். தண்டனை எதுவாயினும், அதை என் பணிப்பதிவேட்டில் எழுத ஓர் ஆளை அனுப்பும்படி கேட்பேன். நானே எழுதக் கூடாது.